உடன் வந்தவர் நலமாக இருக்கிறார்

கண்டக்டரின் முழங்கால்கள் இரண்டும் ஒரே நாளில் கைவிட்டுவிடவில்லை. முப்பத்தோரு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி, பிரேக் போட்டால் முன்னால், கிளம்பினால் பின்னால் என்று ஆடிக்கொண்டே டிக்கெட் கிழித்த கால்கள் அவை. முதலில் வலது கால் முணுமுணுத்தது. அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கப் போய் இடது காலும் முகத்தைத் தூக்கிக்கொண்டது. கடைசியில் டிப்போ மேலாளர் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களை வைக்கிற அறையில் உட்கார வைத்தார். குடைகள், ஒற்றைச் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒரு செட் பொய்ப்பல் ஆகியவற்றுக்கு நடுவே கண்டக்டர் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தார். அந்த எட்டு மாதத்தில் பொருளைத் தேடி வந்தவர்கள் நான்கே பேர். பொய்ப்பல்லுக்கு யாரும் வரவில்லை.

பஸ்ஸில் இருந்தவரை தினமும் எண்ணூறு பேர் அவரிடம் பேசினார்கள். பேச்சு என்றால் "ஒரு டிக்கெட்", "சில்லறை இல்ல", "அடுத்த ஸ்டாப்புல இறக்கி விடுங்க" என்கிற அளவுக்குத்தான். ஆனாலும் பேச்சு பேச்சுதானே. மனைவி போய் ஆறு வருஷமாகிவிட்ட வீட்டுக்குத் திரும்பி, இரண்டாவது மாடிப் படிகளை ஒவ்வொன்றாக வைதுகொண்டே ஏறும்போது அந்த எண்ணூறு பேரும் கொஞ்ச நேரம் காதில் இருப்பார்கள். இப்போது அதுவும் போயிற்று. மறுபடி பஸ் ஏற வேண்டும், அதற்கு ஒரு கால் வேண்டும். கண்டக்டர் இதற்கு மேல் எதற்கும் ஆசைப்படவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் காட்டினார். மாற்று மூட்டு வைக்க வேண்டும், மூன்று வருஷம் கழித்து வாருங்கள், அதுவரை படி ஏறாதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை அவர்கள் கொடுத்ததே மூன்றாவது மாடியில். தனியார் ஆஸ்பத்திரியில் சொன்ன செலவுக்கு வீட்டை விற்றாக வேண்டும். கால் வந்துவிடும், நடந்து போய்ச் சேர வீடு இருக்காது. எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குப் போனால் அதே மூட்டு, அதே ஆணி, அதே மாதிரி டாக்டர், செலவு மட்டும் கால்வாசி என்று டிப்போவில் யாரோ சொன்னார்கள். அப்படித்தான் அவர் மூட்டுப் பயண முகவர் ஒருவரின் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தார்.

"தனியாப் போறவங்களுக்குத் திட்டமே கெடையாது சார்" என்றார் முகவர். "எல்லாமே இருவர் திட்டம்தான். நோயாளி ஒருத்தர், உடன் வருபவர் ஒருத்தர்."

"கூட வர்றதுக்கு ஆள் இல்லைன்னா?"

"ஆள் இல்லைன்னா பரவால்ல சார். கட்டம்தான் காலியா இருக்கக் கூடாது."

சொல்லிக்கொண்டே முகவர் பெயர்க் கட்டத்தில் 'உடன் வருபவர்' என்று தட்டினார். உறவு என்ற கட்டத்தில் 'நெருங்கிய' என்று தட்டினார். கணினிக்கு முழுத் திருப்தி. பச்சை விளக்கு காட்டியது.

கண்டக்டருக்குத்தான் மனசு உறுத்தியது. ஆள் ஏறாத ஒரு டிக்கெட்டைத் தன் சர்வீஸில் அவர் கிழித்ததே இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய் ஒன்றை அன்று சாயங்காலமே சொல்ல வேண்டியிருந்ததால், இந்த உறுத்தல் பின்னால் போய்விட்டது.

மகள் போனில் கேட்டாள். "கூட யாருப்பா வர்றாங்க?"

"டிப்போல வேலை பாக்குற ஆளும்மா. நல்ல மாதிரி."

"நான் வேணா லீவு கேட்டுப் பாக்கட்டுமா?"

"எதுக்கு? சின்னப் பிள்ளைங்களை விட்டுட்டு. அதான் ஆள் வருதுல்ல."

இப்படிப் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மனைவி படுக்கையில் கிடந்தபோது அவர் மகளைக் கூப்பிட்டு, "ஒரு தடவை வந்துட்டுப் போம்மா" என்று கேட்டார். போனில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஒரு ஸ்டாப் தாண்டுகிற நேரம். அப்புறம் "பாக்குறேன்ப்பா" என்றாள். வரவும் வந்தாள், இரண்டு நாள் தாமதமாக. அதைப் பற்றி இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மகள்மேல் அவருக்குக் கோபம் கிடையாது. வேலை அப்படி, மாமியார் வீடு அப்படி. அந்தச் சத்தமில்லாத நேரத்தை இன்னொரு தடவை கேட்க மட்டும் அவருக்குத் துணிச்சல் இல்லை. முழங்காலை அறுப்பதற்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

விமானம் இறங்கியதும் வெள்ளை உடுப்புப் போட்ட டிரைவர் ஒருவர் இரண்டு பூங்கொத்துகளோடு நின்றிருந்தார். ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நான் மட்டும்தாங்க வந்திருக்கேன்."

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் டிரைவர், பதறிப்போய். "ரெண்டு பேரும் ஏறியாச்சுன்னு அமுக்கினாத்தான் இந்தப் பயணமே தொடங்கும். இல்லைன்னா நாம ரெண்டு பேரும் இங்கயேதான் நிக்கணும்."

அமுக்கினார். பயணம் தொடங்கியது. இரண்டாவது பூங்கொத்தைக் கண்டக்டருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து, பிரேக் போட்டால் விழுந்துவிடக் கூடாது என்று அதற்கு பெல்ட்டும் போட்டுவிட்டார். வழி நெடுக டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. விருந்தினர்களிடம் பேசக் கூடாது என்று அவர்களுக்கு உத்தரவாம்.

ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. வழவழவென்று தரை, நடுவே நீரூற்று, பக்கத்தில் ஆளில்லாமலே தானாக வாசிக்கும் ஒரு பியானோ. தரை அவ்வளவு வழவழப்பாக இருந்ததற்குக் காரணம், மூட்டு வலிக்காரர்கள் அதில் நடக்கப் பயந்து எல்லோரும் சக்கர நாற்காலியிலேயே போனதுதான் என்பது கண்டக்டருக்குப் பிறகு புரிந்தது. வரவேற்பில் இருந்த பெண் இரண்டு அடையாள அட்டைகளை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணு போதும்மா. கூட யாரும் வரல."

பெண் திரையைப் பார்த்தாள். "வந்துட்டாங்களே சார். பத்து நாப்பதுக்கு வண்டில ஏறியிருக்காங்க. பதினொண்ணு இருபதுக்கு இறங்கியிருக்காங்க."

"அது பூங்கொத்தும்மா."

"வரலைன்னு மாத்தணும்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு சார். உடன் வந்தவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"வராதவரு எப்படிம்மா நேர்ல வருவாரு?"

"அதுக்குத்தான் சார் மூணு நாள் அவகாசம் குடுக்கறோம்" என்றாள் அவள், மிகவும் அன்பாக.

கண்டக்டர் இரண்டு அட்டைகளையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னல் பக்கம் மெத்து மெத்தென்று இருந்தது உடன் வந்தவருக்கு; கழிவறைப் பக்கம் இருந்தது நோயாளிக்கு. ஜன்னல் வழியே தெருவும் தூரத்தில் ஒரு பஸ் நிறுத்தமும் தெரிந்ததால் அவர் மெத்தைக் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். உடனே நர்ஸ் வந்து எழுப்பினாள். "அது துணையாளர் கட்டில் சார். அவங்க வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க?"

சற்று நேரத்தில் துணையாளர் நல அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும் அம்மாள். மடிப்புக் கலையாத உடை, மடிப்புக் கலையாத சிரிப்பு. அவர் கண்டக்டரைப் பார்க்காமல் மெத்தைக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சார், உங்களப் பாக்கறதுக்கு இங்க முப்பது டாக்டர் இருக்காங்க. ஆனா உங்களோட வந்தவங்க மனசு? அவங்க தூக்கம்? அவங்க கவலை? அதுக்குன்னு தனியா ஒரு துறை வச்சிருக்கற ஆஸ்பத்திரி இதுதான். பதினாலு பேர் வேலை பாக்கறோம். இத்தனை வருஷத்துல ஒரு துணையாளர்கூட எங்ககிட்ட வந்து உதவின்னு கேட்டதில்ல. நாங்க எங்க இருக்கோம்னே அவங்களுக்குத் தெரியாது. அந்தளவுக்குத் தொந்தரவு குடுக்காம பாத்துக்கறோம்."

"அம்மா, என்கூட யாரும் வரலைங்க."

"மொத நாள் எல்லாரும் கடைகண்ணி பாக்கப் போயிருவாங்க சார். கவலைப்படாதீங்க, வந்துருவாங்க." கண்டக்டரின் கையை எட்டிப் பிடித்து ஆறுதலாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஆறு வருஷத்தில் அவர் கையை ஒருவர் பிடித்தது அதுதான் முதல் தடவை என்பதால் கண்டக்டரால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

சாப்பாடு வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் என்று அவருக்கு வெறும் சூப்பு. துணையாளருக்கு நாலு பக்கமும் வழிகிற தட்டு. தட்டுக்காரர் அதை மெத்தைக் கட்டிலின் முன்னால் வைத்து, அரை மணி நேரம் கழித்து வந்து, மூடி திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார். நடையில் நின்றபடி அவர் அதை வேகவேகமாகச் சாப்பிடுவது கதவு இடுக்கில் தெரிந்தது. கண்டக்டர் பார்த்துவிட்டதைப் பார்த்த தட்டுக்காரர், வாயைத் துடைத்துக்கொண்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "மீதி போனா விசாரணை வரும் சார். ஏன் சாப்பிடல, என்ன குறை, யார் சமைச்சதுன்னு ஏழு பேருக்கு வேலை வந்துரும். அதனால நானே ஏத்துக்கறேன்."

மாலை ஆறு மணிக்கு மகள் கூப்பிட்டாள். குரலில் ஒரு தெம்பு இருந்தது.

"ஆஸ்பத்திரிலருந்து மெசேஜ் வந்துச்சுப்பா. 'உங்கள் தந்தை நலம். உடன் வந்தவர் நலமாக இருக்கிறார். மதியம் திருப்தியாகச் சாப்பிட்டார்'னு. எவ்வளவு நல்லாப் பாத்துக்கறாங்க பாருங்க! அவர்கிட்ட போனைக் குடுங்கப்பா, ஒரு வார்த்தை நன்றி சொல்லிக்கறேன்."

"குளிக்கப் போயிருக்காரும்மா."

மறுநாள் கேட்டபோது கீழே போயிருக்கிறார் என்றார். அதற்கு மறுநாள் தூங்குகிறார் என்றார். இத்தனை கூச்ச சுபாவம் உள்ள மனிதரை அவள் பார்த்ததே இல்லை என்று மகள் சிரித்தாள். அவள் சிரித்ததில் கண்டக்டருக்கும் சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு அறை முன்னைவிட அமைதியாகிவிடும். அந்த அமைதியில் பக்கத்துக் கட்டிலின் விரிப்பை ஒருவர் வந்து எடுத்துவிட்டு, கசங்காத அதற்குப் பதில் வேறொரு கசங்காத விரிப்பைப் போட்டுவிட்டுப் போவார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் பெரிய டாக்டர் வந்தார். பின்னால் ஆறு பேர். ஆபத்துகளை விளக்கிச் சொல்ல வேண்டியது விதி. ஆனால் நோயாளியிடம் சொன்னால் பயந்துவிடுவார் என்பதால் அதை உடன் வந்தவரிடம்தான் சொல்ல வேண்டும் என்பது அதைவிடப் பெரிய விதி. ஆகவே பெரிய டாக்டர் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் எதிரே உட்கார்ந்து, கனிவான குரலில் பேச ஆரம்பித்தார்.

"இதுல பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல. நூத்துல ஒருத்தருக்குச் சீழ் பிடிக்கும். ஆயிரத்துல ரெண்டு பேருக்கு ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகும். மயக்க மருந்துலருந்து எழுந்திரிக்காதவங்களும் உண்டு, ஆனா ரொம்பக் கம்மி. இதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாம். நீங்க மனசுல வச்சுக்குங்க. என்ன?"

நாற்காலி மனதில் வைத்துக்கொண்டது. இரண்டு முழம் தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் முன்னால் சாய்ந்தார்.

"டாக்டர், எழுந்திரிக்காதவங்கன்னா..." என்று தொடங்கினார்.

பெரிய டாக்டர் முகம் சுளித்து ஆறு பேரையும் பார்த்தார். "நோயாளி முன்னாடியா இதைப் பேசினோம்? யார் இவரை உள்ள விட்டது?"

அந்த அறை அவருடையது என்று ஆறாவது ஆள் காதில் சொன்னார். கையெழுத்து வாங்க வேண்டிய இடத்தில் துணையாளர் நல அதிகாரியே 'சார்பாக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதி முடித்ததும் நாற்காலியைப் பார்த்து, "தைரியமா இருங்க" என்றார்.

அன்று கண்டக்டருக்கு மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சும்மா இருந்துவிட்டால்? போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தார். பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை என்பது பயத்தைவிட மோசமாக இருந்தது.

காலையில் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் அறை வாசலில் நர்ஸ் குனிந்து, "கவலைப்படாதீங்க சார். உங்க ஆளு வெளியிலயேதான் உக்காந்திருப்பாங்க" என்றாள். கண்டக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். வரிசையாகப் பத்து நாற்காலிகள். ஒன்பதில் யார் யாரோ உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பத்தாவதில் அவருடைய அறை எண் எழுதிய அட்டை இருந்தது. வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி நல அதிகாரி அதற்குக் காவல் நின்றார்.

கண் விழித்தபோது கால் இருந்த இடத்தில் ஒரு பெரிய மூட்டை இருந்தது. தொண்டை வறண்டு கிடந்தது. கட்டிலோரத்தில் ஒரு நர்ஸ் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா நடந்துச்சு? நல்லபடியா முடிஞ்சுதா?"

"எல்லாத்தையும் உங்க துணையாளர்கிட்ட டாக்டர் விவரமாச் சொல்லிட்டாரே சார். அரை மணி நேரம் சொன்னாரு. அவங்ககிட்ட கேட்டுக்குங்க."

"நீ சொல்லேம்மா."

"நான் சொல்லக் கூடாது சார். ஒரு சேதிய ரெண்டு பேர் சொன்னா குழப்பம் வரும்."

ஆக, தன் முழங்காலுக்குள் என்ன நடந்தது என்பது இந்த உலகத்தில் ஒரு நாற்காலிக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிலைமையில் கண்டக்டர் இரண்டு நாள் கிடந்தார். நடைப் பயிற்சிக்காரர் வந்து, காலை எப்படி மடக்க வேண்டும், எதைச் செய்தால் மூட்டு கழன்றுவிடும் என்பதையெல்லாம் மெத்தைக் கட்டிலுக்கு விளக்கிவிட்டுப் போனார். கண்டக்டர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, அவர் போனதும் தானே செய்து பார்த்தார். கால் மடங்கியது. வலித்தது, ஆனால் மடங்கியது. நாலு கால் வைத்த கைப்பிடித் தாங்கியைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தார். யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. தட்டுக்காரர் வருகிற நேரம் பார்த்து மறுபடி ஒரு தடவை நடந்தார். தட்டுக்காரர் இரண்டு தட்டுகளையும் கீழே வைத்துவிட்டு, "அட! பிரமாதம் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கண்டக்டர் அன்றைய பொழுதை ஓட்டினார்.

ஆறாம் நாள் நடந்ததுதான் உச்சம். மாதந்தோறும் சிறந்த துணையாளருக்கு விருது கொடுப்பது அங்கே வழக்கமாம். தேர்வுக் குழு கூடி, மதிப்பெண் போட்டு, ஒரு மனதாக அவருடைய உடன் வந்தவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. சக்கர நாற்காலியில் அவரைக் கூட்ட அரங்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேடையில் தலைமை நிர்வாகி பேசினார். பேச்சு எழுதி வைத்ததுதான் என்றாலும் நடுவில் உணர்ச்சிவசப்பட்டுக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு துணையாளர நான் பாத்ததே இல்ல. டாக்டர் எப்ப வருவார்னு ஒரு தடவை கேக்கல. எதுக்கு இத்தனை டெஸ்ட்டுன்னு கேக்கல. பில்லு குடுத்தா மறுபடி திருப்பிப் பாக்கல. நர்ஸை ஒரு நாள் மணி அடிச்சுக் கூப்பிடல. நோயாளிக்கு வலிக்குதுன்னு யார் சட்டையையும் பிடிக்கல. அவ்வளவு ஏன், நோயாளி எப்படி இருக்காருன்னுகூட எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல. எங்க மேல அப்படி ஒரு நம்பிக்கை! எல்லாத் துணையாளரும் இவரை மாதிரி ஆயிட்டா இந்த ஆஸ்பத்திரி சொர்க்கமாயிடும்."

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மற்ற துணையாளர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பலர் அன்று காலையில்கூட மணி அடித்திருந்தார்கள். கூச்ச சுபாவத்தால் உடன் வந்தவர் மேடைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு, கேடயத்தைக் கண்டக்டர் மடியில் வைத்தார்கள். "உங்க துணையாளரப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை நீட்டினார்கள்.

கண்டக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "அப்படி யாரும் இல்லைங்க" என்றார்.

"அப்படி ஒருத்தர் வேற யாரும் இல்லைன்னு சொல்றாரு" என்று நல அதிகாரி கூட்டத்துக்கு விளக்கினார். மறுபடி கைதட்டினார்கள்.

எட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் இன்னும் ஒரு வாரம் இருக்க வேண்டும் என்றார்கள். இங்கேதான் சிக்கல் முளைத்தது. நோயாளியின் தங்கலை நீட்டிக்க விதியுண்டு. உடன் வந்தவரின் தங்கலை நீட்டிக்க விதியில்லை. ஒன்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் புறப்பட்டாக வேண்டும். துணையாளர் நலத் துறையின் பதினாலு பேரும் வழியனுப்பக் கீழே வந்து வரிசையாக நின்றார்கள். கண்டக்டரையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதே வண்டி, அதே டிரைவர். பின் கதவைத் திறந்து, ஓர் ஆள் ஏறுகிற நேரம் பிடித்துக்கொண்டு நின்று, அப்புறம் மெதுவாகச் சாத்தினார்.

"கை காட்டுங்க சார்" என்றார் நல அதிகாரி.

கண்டக்டர் கை காட்டினார். வண்டி நீரூற்றைச் சுற்றிக்கொண்டு தெருவில் திரும்பி மறைந்தது.

நல அதிகாரி அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்த அம்மாள் நாற்காலியையோ கட்டிலையோ பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார். "அவங்க போயிட்டாங்க சார். இனிமே நீங்க தனியாத்தான் இருக்கணும். கஷ்டமாத்தான் இருக்கும்."

கண்டக்டருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. மனைவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்றுகூட நாலு பேர் முன்னால் அவர் அழவில்லை. இப்போது யாரும் ஏறாத ஒரு வண்டி போனதற்காகக் குலுங்கிக் குலுங்கி அழுதார். மூக்கு ஒழுகியது. துடைக்கக் கைக்குட்டைகூட இல்லை. பதினாலு பேரும் தங்கள் துறையின் அருமையை நினைத்துக் கண் கலங்கினார்கள். ஒருவர் புகைப்படம் எடுத்தார்.

அறைக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"அவரு போயிட்டாரும்மா."

"யாருப்பா? உங்ககூட வந்தவரா? காய்ச்சலோட உங்கள விட்டுட்டா? என்ன மனுஷன்ப்பா அவரு!"

"திட்டாதம்மா. அப்படி ஒரு ஆளே வரல. மொதல்லருந்தே நான் மட்டும்தான். உன்கிட்ட பொய் சொன்னேன்."

"மெசேஜ் வந்துச்சேப்பா. தினமும் வந்துச்சே. சாப்பிட்டாரு, தூங்கினாருன்னு."

"அது அவங்க சொன்ன பொய்." கண்டக்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நீ ஒரு தடவை வந்துட்டுப் போறியாம்மா?"

அந்தப் பக்கம் சத்தமில்லை. கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு ஸ்டாப் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பது மூன்றாவதில்தான் அவருக்குப் புரிந்தது.

"அம்மாவுக்குத்தான் வர முடியல" என்றாள் மகள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கெளம்பிட்டேன்ப்பா. போனை வைங்க."

அதற்கு இரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு நல அதிகாரி அறைக்கு வந்தார். முகத்தில் மடிப்பு விழுந்திருந்தது.

"கீழ உங்க பொண்ணுன்னு ஒருத்தங்க வந்திருக்காங்க சார். மேல விட முடியாதுன்னு சொல்லிட்டோம். இந்த நோயாளிக்கு உடன் வந்தவர் ஏற்கனவே வந்து, தங்கி, விருதும் வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு நோயாளிக்கு ஒருத்தர்தான். அவங்கள வேணா பார்வையாளராச் சேத்துக்கலாம். பார்வை நேரம் நாலு மணிக்கு."

கண்டக்டர் காலைத் தரையில் ஊன்றினார். தாங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க சார் போறீங்க? நோயாளி தனியாக் கீழ போகக் கூடாது. துணையோடதான் போகணும்."

"துணையத் தேடித்தாங்க போறேன்."

நடை நீளமாக இருந்தது. ஓடுகிற பஸ்ஸில் கம்பி கம்பியாகப் பிடித்துப் பழகிய கை தாங்கியை இறுக்கிக்கொண்டது. நல அதிகாரி ஒரு பக்கம் காலி சக்கர நாற்காலியும் மறு பக்கம் ஒரு படிவமுமாகப் பின்னால் ஓடி வந்தார். லிஃப்டில் இறங்கி, அந்த வழவழத் தரையில் கண்டக்டர் ஓர் அடிக்கு ஓர் அடி நின்று நிதானித்துப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முழுக்க வியர்வை. மகள் மடியில் பையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நடந்து வருகிற அப்பாவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப்பா இது, தாடியெல்லாம் இப்படி வளத்து வச்சிருக்கீங்க?"

"யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேம்மா."

"நான் பாக்கறேன்ல? உக்காருங்க மொதல்ல."

மெதுவாக உட்கார வைத்து, பக்கத்து நாற்காலியில் அவளும் உட்கார்ந்தாள். பையிலிருந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டினாள். முழங்காலை மடக்கி நீட்டிக் காட்டச் சொல்லி, அவர் செய்ததும், இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். பகல் சாய்ந்தது. அப்பாவும் மகளும் அங்கேயே பேசிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் அம்மாவைப் பற்றி.

சரியாக நாலு மணிக்கு வரவேற்புப் பெண் எழுந்து வந்து மகளின் முன்னால் நின்றாள். கையில் பார்வையாளர் அட்டை.

"நேரமாயிடுச்சு மேடம்" என்றாள், மிகவும் அன்பாக. "இப்ப நீங்க போய் உங்க அப்பாவப் பாக்கலாம்."

மகள் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள்.